என்னைப் பிடித்த தெரு

மகளுக்கு வேலை கிடைத்தது. சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். காலை ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அது நடக்காது. முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் பஸ் மாறி, ஸ்டேஷன் ஊருக்குப் போய், அங்கே ரயில் ஏறினால் எட்டரை ஆகிவிடும். அதற்குள் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருப்பார்கள்.

ஸ்டேஷன் ஊர் என்று நாங்கள் சொல்வது ரயில் நிற்கிற ஊர். அதற்குப் பெயர் உண்டு. எழுதவில்லை. அங்கே பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவார்கள். இருட்டிய பிறகு திரும்புவார்கள். நடுவில் ஊர் காலியாகக் கிடக்கும். அந்த ஊரில் ஓர் அம்மா, வேலைக்குப் போகிற பெண்களுக்கு ரூம் விடுகிறார் என்று மகள் கேட்டு வைத்திருந்தாள். அங்கே தங்கினால் ஐந்தே கால் ரயிலைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம்.

திங்கட்கிழமைக்குள் லேப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். மகள் அவள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா, "உங்க நைனாவக் கேளு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். நான் சரி என்றால் வேலை. இல்லை என்றால் இல்லை. அவள் இரண்டு வருடம் படித்த படிப்பு என் வாயில் வந்து நின்றது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். விடியாத நேரத்தில் ஒரு பெண் தனியாக அந்தத் தெருவில் நடந்து போகலாமா, கூடாதா?

என் மச்சான், மனைவியின் தம்பி, கூடாது என்றான். போட் இறக்காத நாளில் அவனுக்குப் போன்தான் கடல். திருடு நடக்கிற வீடியோவாகப் பார்ப்பான்.

"வோணாம் மாமா. செயின் அறுக்கறான். பைக்குல வரான், அறுத்துக்கினு போய்க்கினே கீறான். இந்தா பாரு."

பார்த்தேன். "இது அந்த ஊரா?"

"இது வேற ஊரு. ஆனா அதே மாதிரி தெரு."

மகள் குறுக்கே வந்தாள். "எங்கிட்ட செயினே இல்ல மாமா."

"அது இன்னும் பேஜாரு. வந்தவனுக்குக் கோவம் வரும்."

மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். "நீ ஒரு தபா போய்ப் பாத்துட்டு வாயேன்யா. மீன் வாங்கறப்ப செவுளத் தூக்கிப் பாக்கற இல்ல? அந்த மாதிரி ஊரையும் தூக்கிப் பாரு."

எங்கள் குப்பத்தில் திருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்டு. ஒருமுறை போட்டில் வைத்திருந்த என் மஞ்சள் மழைக்கோட்டு காணாமல் போனது. ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் என் எதிரிலேயே கடலுக்கு வந்தான். எட்டாவது நாள் கேட்டேன். "உன்னுதா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கழற்றிக் கொடுத்தான். பாக்கெட்டில் அவனுடைய பீடிக்கட்டு இருந்தது. அதையும் மறுநாள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டான். எங்கள் திருட்டு இவ்வளவுதான். எடுத்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே போவான்? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி.

ஸ்டேஷன் ஊர் அப்படி இல்லை. அங்கே திருடனுக்கு அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது.

சனிக்கிழமை வாடைக்காற்று பலமாக இருந்தது. ஐப்பசி மாதம். போட் இறக்கவில்லை. மகளோடு பஸ் ஏறினேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மகள் ஒரு தெருவைக் காட்டினாள்.

"இந்தத் தெருதான் நைனா. வூட்டுக்கார ஆன்ட்டி வெளிய போயிருக்காங்க. பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க. நான் ஸ்டேஷனாண்ட போய் சீசன் டிக்கெட் கேட்டுட்டு, ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன். நீ டீக்கடைல உக்காரு."

"சரி."

"எங்கயும் போவாத."

"சரி."

"யார்கிட்டயும் எதுவும் பேசி வெக்காத."

"நான் எப்ப பேசினேன்?"

அவள் போனதும் எழுந்து தெருவைப் பார்க்கப் போனேன். பார்க்கத்தானே வந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பூட்டு. கேட்டுக்கு ஒரு பூட்டு. அதற்குப் பிறகு இரும்புக் கம்பிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. அதற்கும் உள்ளே மரக்கதவு, அதற்கும் ஒன்று. ஒரு வீட்டில் பூந்தொட்டியைச் சங்கிலி போட்டு ஜன்னலில் கட்டியிருந்தார்கள். ரோஜாச் செடி, ஒரு பூ. இன்னொரு வீட்டில் தண்ணீர் டிரம்மின் மூடிக்குப் பூட்டு. 'நாய் ஜாக்கிரதை' என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். நின்று பார்த்தேன். நாய் இல்லை. நாயையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கலாம். கேமராக்கள் இருந்தன. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி அங்கங்கே தொங்கின.

எனக்கு மனது விட்டுப்போனது. இத்தனை பூட்டு வாங்கியிருக்கிறார்கள் என்றால் இத்தனை திருடன் வந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். செவுள் வெளுத்துத்தான் இருந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டீக்கடைக்குத் திரும்பினேன்.

டீக்கடைக்காரர் தடித்த மனிதர். ஒரு டீ சொன்னேன். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"இந்தத் தெருவுல பகல்ல ஆளுங்க இருக்க மாட்டாங்களா?"

"இருக்க மாட்டாங்க. எல்லாம் வேலைக்குப் போறவங்க."

"எத்தன மணிக்குக் கெளம்புவாங்க?"

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "அஞ்சு மணிலருந்து போவாங்க. ஏன்?"

"அந்நேரத்துக்கு ரோட்டுல லைட் எரியுமா?"

"எரியும்."

"எல்லா லைட்டுமா, இல்ல எதுனா ஒண்ணு ரெண்டு எரியாதா?"

"நீங்க யாரு?"

"மீன் புடிக்கறவன்."

"இங்க எங்க மீன் இருக்கு?"

"மீனுக்கு வரல. சும்மா பாக்க வந்தேன்."

டீயைக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மரியாதையான ஊர் என்று நினைத்தேன். பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். "இங்க போலீஸ் ரவுண்டு வருமாண்ணா? எந்த நேரத்துல வரும், எந்த நேரத்துல வராது?" அவர் பெட்டியை மூடிவிட்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்றார்.

எழுந்து மறுபடியும் தெருவுக்குள் போனேன். கடைசி வரை நடந்தேன். பல்பு உடைந்த, எரியாத லைட் இரண்டு. ஒன்று முனையில், ஒன்று குப்பைத்தொட்டிக்கு எதிரில்.

அப்போது காற்று திரும்பியது. ஐப்பசியில் அந்தக் காற்று எனக்குத் தெரியும். மேலே பார்ப்பதற்குள் முதல் துளி விழுந்தது. பெரிய துளி.

பக்கத்து வீட்டின் முன்னால் ஒரு பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல சிவப்பு. அதற்கு மேலே கொடி, கொடி நிறையத் துணி. வீட்டில் யாரும் இல்லை. கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

எங்கள் குப்பத்தில் மணலில் நெத்திலி காயும். மழை வந்தால், முதலில் பார்த்தவன் கத்த வேண்டும். கத்திக்கொண்டே வார வேண்டும். யாருடைய மீன் என்று கேட்பதில்லை. எந்தக் கூரை பக்கத்தில் இருக்கிறதோ அதன் கீழே கொண்டுபோய்க் கொட்டுவோம். மழை விட்டதும் அவரவர் வந்து அவரவர் மீனை எடுத்துக்கொள்வார்கள். அப்போது சண்டை வரும், அது வேறு. ஆனால் வாராமல் நின்று பார்த்தவனோடு ஆறு மாதம் யாரும் பேச மாட்டார்கள். என்னோடு ஒருமுறை பேசாமல் இருந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஜுரம். சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

அதனால் கத்தினேன். "மழ! மழ! வாரு!"

ஒருவரும் வரவில்லை. நானே சுவர் ஏறிக் குதித்தேன். நெஞ்சு உயரச் சுவர்தான். ஏறி இறங்கிப் பழகிய ஆளுக்கு ஒன்றுமில்லை. முதலில் பாயின் நான்கு முனையையும் தூக்கிக் கட்டினேன். ஓரத்தில் கொஞ்சம் கொட்டியது. பொறுக்கிப் போட்டேன். பிறகு கொடியில் இருந்ததையெல்லாம் உருவித் தோளில் போட்டேன். நைட்டி, சுடிதார், துண்டு, இன்னும் என்னென்னவோ. எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் வைக்க இடமில்லை. எல்லாம் பூட்டு. எதிர்ச்சாரியில் ஒரு கார் ஷெட் திறந்து கிடந்தது. லுங்கியை மடித்துக் கட்டினேன். பாய் மூட்டையைச் சுவர்மேல் ஏற்றி வைத்தேன். சுவரைத் தாண்டி, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மேலே ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"திருடன்! திருடன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் சொன்னது சரிதான், பட்டப்பகலில் வந்துவிட்டானே என்று நினைத்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். யாரும் ஓடவில்லை.

"எந்தப் பக்கம் போனான்மா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

அந்தப் பெண் கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தாள். கையை நீட்டினாள். என் பக்கமாக நீட்டினாள்.

பிறகு ஆள் வந்தார்கள். காலியான தெரு என்று நினைத்திருந்தேன். எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பனியன் போட்ட பெரியவர் ஒருவர் கிரிக்கெட் மட்டையோடு வந்தார். ஓர் அம்மா துடைப்பத்தோடு வந்தார். டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். இஸ்திரிக்காரர் வந்தார். குடை பிடித்துக்கொண்டு ஒருவர், குடை இல்லாமல் ஒருவர். சட்டையைப் பிடித்தது யார் என்று தெரியவில்லை. பிடி நல்ல பிடி.

"காலைலருந்து விசாரிச்சுட்டே இருந்தான்!" என்றார் டீக்கடைக்காரர். "எத்தன மணிக்கு எல்லாரும் போவாங்க, எந்த லைட் எரியாதுன்னு கேட்டான் சார்!"

"எங்கிட்ட போலீஸ் எப்ப வராதுன்னு கேட்டான்" என்றார் இஸ்திரிக்காரர்.

கேட்டது உண்மைதான். மறுக்கவில்லை.

"எந்த ஊருய்யா நீ?" பெரியவர் மட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"லைட்ஹவுஸ் குப்பம்."

"அங்கருந்து இங்க வந்து திருடறியா?"

"நைட்டி திருடவா ரெண்டு பஸ்ஸு மாறி வருவேன்?"

"அப்ப தோள்ல என்ன அது?"

"நைட்டி."

இஸ்திரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் முறைத்தார்.

"இத எறக்கி வெக்க விடுங்க" என்றேன். "மொளகா நனையுது. அப்பால அடிங்க."

கார் ஷெட்டுக்குள் போனோம். எல்லோரும் சேர்ந்துதான் போனோம். சட்டையை விடவில்லை. பாயை இறக்கி வைத்தேன். முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் பரப்பிவிட்டேன், புழுங்கிவிடும் என்று. துணியை ஒரு ஸ்கூட்டர் சீட்டில் வைத்தேன். மழை கொட்டியது. அத்தனை பேரும் நனைந்திருந்தார்கள். மிளகாய் நனையவில்லை.

பெரியவர் போனை எடுத்தார். "எங்க வீட்டுக் கேமரால இருக்கும். பாத்துட்டா தெரிஞ்சிடும்." எல்லாத் தலையும் ஒரு போனுக்குள் போனது. நானும் எட்டிப் பார்த்தேன். நான் சின்னதாக இருந்தேன். சுவரில் ஏறினேன். குதித்தேன். பாயைக் கட்டினேன். குனிந்து குனிந்து பொறுக்கினேன்.

"அங்க என்ன பண்றான்?" என்றார் பெரியவர்.

"மொளகா பொறுக்கறாரு" என்றார் இஸ்திரிக்காரர். "கொட்டுன மொளகாய ஒண்ணொண்ணாப் பொறுக்கறாரு சார். எந்தத் திருடன் சார் பொறுக்குவான்?"

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பதினேழு மிளகாய் பொறுக்கியிருந்தேன். துடைப்பக்கார அம்மா எண்ணினார். சட்டையிலிருந்து கை மெதுவாக எடுபட்டது.

அந்த நேரத்துக்கு என் மகள் வந்தாள். தலைக்கு மேல் ஜெராக்ஸ் கவரைப் பிடித்திருந்தாள். கூட ஓர் அம்மா குடையோடு வந்தார். வெள்ளைப் புடவை, கண்ணாடி. வழியில் பார்த்து ஒன்றாக வந்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா அவர்தான். மிளகாயும் அவருடையதுதான். துணி, அவர் வீட்டில் தங்கியிருக்கிற பெண்களுடையது.

"நைனா" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. மழ" என்றேன்.

நாலு பேர் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னார்கள். அந்த அம்மா முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் கேட்ல போர்டு மாட்டியிருக்கேன். ஆண்கள் உள்ளே வரக்கூடாதுன்னு. பாக்கலையா?"

"நான் கேட்டு வழியா வரலம்மா."

"அது பூட்டியே இல்ல. கொக்கிதான். திறந்துட்டு வந்திருக்கலாமே?"

அது எனக்குத் தெரியாது. அந்தத் தெருவிலேயே பூட்டாத கேட் அது ஒன்றுதான். அந்தக் கேட்டை விட்டுவிட்டுத்தான் சுவர் ஏறிக் குதித்திருக்கிறேன்.

மகளின் முகம் செத்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா நைனா, போலாம். வேலையும் வோணாம், ரூமும் வோணாம்." அவள் சின்ன வயதிலிருந்தே அழ மாட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் அழுதாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அடி வாங்கியிருந்தாலும் பரவாயில்லை.

"இரு" என்றேன். "ரூம் எடுத்துக்கோ."

"என்ன?"

"இந்த வூட்லயே எடுத்துக்கோ. நல்ல தெரு."

வீட்டுக்கார அம்மா கண்ணாடியைத் துடைத்தார். "நான் இன்னும் தரேன்னு சொல்லலையே."

எனக்கு நிறையப் பேச வராது. ஆனால் அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, நான் காலைலருந்து பூட்டு பாத்தேன். பாத்து பயந்துட்டேன். எம்பொண்ண இங்க வுடக்கூடாதுனு முடிவு பண்ணிட்டேன். அப்பால ஒரு பொண்ணு மாடிலருந்து ஒரு தபா கத்திச்சு. ஒரே தபா. கொட்டற மழைல ஆறு பேரு ஓடியாந்தாங்க. எனக்கு அது போதும்."

டீக்கடைக்காரர் கரண்டியை நீட்டி ஆட்களை எண்ணினார்.

"ஆறு இல்ல, எட்டு பேரு" என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு பேரு பின்பக்கம் மடக்கப் போனாங்க. இன்னும் வரல."

"அவங்களக் கூப்புடுங்க" என்றார் பெரியவர். "நனையறாங்க பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. நான் இஸ்திரிக்காரரைக் கேட்டேன்.

"அண்ணா, காலைல அஞ்சு மணிக்கு ரோட்டுல யாரு இருப்பாங்க?" இந்த முறை எதற்குக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். "எம்பொண்ணு அஞ்சே கால் ரயிலுக்குப் போவணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். "நாலே முக்காலுக்கு நான் கரி மூட்டுவேன். இவரு பால் காய்ச்சுவாரு. சார் வாக்கிங் போவாரு. இந்தப் பக்கத்துலயே பத்துப் பதினஞ்சு பொண்ணுங்க அந்த ரயிலுக்குப் போவுது. ஒண்ணு வரலன்னா இன்னொண்ணு நின்னு கூப்புடும்."

"முனைல லைட் எரியல" என்றேன். "குப்பத்தொட்டி எதிர்லயும் எரியல."

பெரியவர் மட்டையைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசமா எழுதிப் போட்டுட்டிருக்கேன். அத நீங்களும் பாத்துட்டீங்களா?" என்றார். அதுவரை 'நீ' என்றவர், அப்போதுதான் 'நீங்க' ஆனார்.

வீட்டுக்கார அம்மா குனிந்து மிளகாயைக் கையில் அள்ளிப் பார்த்தார். உதிர்த்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. பிறகு மகளைப் பார்த்தார்.

"ராத்திரி ஒன்பதுக்கு கேட் மூடிடுவேன். சாப்பாடு ரெண்டு வேளை. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறதுன்னா முந்தின நாளே சொல்லணும்."

"சரி ஆன்ட்டி."

"உங்கப்பா வந்தா டீக்கடைல உக்காரச் சொல்லு. உள்ள வரக்கூடாது. மழை வந்தாலும்."

"சரிம்மா" என்றேன் நான்.

துணியை மகளே மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிளகாய் மூட்டையை நான் கேட் வரைக்கும் தூக்கிவந்து வைத்தேன். கொக்கி எங்கே இருக்கிறது என்று அப்போது பார்த்துக்கொண்டேன். இடது பக்கம், கீழே. டீக்கடைக்காரர் இன்னொரு டீ கொடுத்தார். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு பன்னும் சேர்த்துக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் போனான்னு கேட்டியாமே நைனா."

"கேட்டேன்."

"நெஜமாவே தெரியலையா உனக்கு?"

"எனக்கு எப்டித் தெரியும்? நான் மூட்டையத் தூக்கிக்கினு ஓடறேன்."

அவள் போனை எடுத்து லேப்புக்குப் பேசினாள். திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன் என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி எங்கள் நெத்திலியைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் மழை பெய்திருக்கிறது. யாரோ வாரி, யாருடைய கூரைக்குக் கீழேயோ வைத்திருக்கிறார்கள்.

"இன்னா ஊரு அது? எப்டி கீது?" என்று கேட்டாள்.

"நல்ல ஊரு" என்றேன். "என்னையே புடிச்சிட்டாங்க."